பந்திக்குக் கேட்காத பெட்டி

செஞ்சி வட்டாரத்தில் மெல்லிசைக் கச்சேரிகளில் கிட்டார் வாசிக்கும் ஒரே பெண் நான்தான். இதை நானே சொல்லிக்கொள்கிறேனே என்று எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. மற்றவர்கள் சொல்லட்டும் என்று நாலு வருஷம் காத்திருந்து பார்த்தேன், யாரும் சொல்லவில்லை. வார நாட்களில் கடைத்தெருவில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் எனக்கு வேலை. காலை ஆறரைக்கே வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்திருப்பவர்களின் கையில் நரம்பு தேடி ஊசி போடுவேன். முகூர்த்த நாள் என்றால் லீவு சொல்லிவிட்டு மேடைக்குப் போய்விடுவேன். வெள்ளிக்கிழமை என்னிடம் குத்திக்கொண்டவர் ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்தில் முன் வரிசையில் உட்கார்ந்திருப்பார். வலிக்காமல் ரத்தம் எடுக்கிற பொண்ணு என்று பக்கத்தில் இருப்பவரிடம் என்னைக் காட்டிச் சொல்வார். கிட்டாரைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது.

என் வாசிப்பில் குறை இருந்தால் ஒத்துக்கொண்டு பேசாமல் இருந்திருப்பேன். குறை இல்லை. திண்டிவனத்தில் படித்தபோது விடுதித் தோழியிடம் இரவல் வாங்கிய கிட்டாரில் விரல் நுனி வெடிக்க வெடிக்கப் பழகியவள் நான். பாட்டு வரிகளுக்கு நடுவே வாத்தியம் மட்டும் பேசுகிற இடத்தை நாங்கள் பிட் என்போம். எந்தப் பாட்டில் எந்த இடத்தில் கிட்டார் பிட் வருகிறது, அதில் எந்தக் கம்பியை எவ்வளவு இழுக்க வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

என்னிடம் ஒரு பெட்டியும் இருந்தது. பாண்டிச்சேரியில் ஆங்கிலப் பாட்டு வாசித்துக்கொண்டிருந்த நாலு பேர் ஆளுக்கொரு நாட்டுக்கு வேலைக்குப் போனபோது அவர்கள் விட்டுச்சென்றது. மரத்தால் செய்தது, என் இடுப்பு உயரம், உள்ளே பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் இரண்டு, முன்னால் கறுப்புத் துணி. அதன் தலைமேல், சத்தத்தைப் பெருக்குகிற ஆம்பை வைத்து வாசிக்க வேண்டும். கிட்டாருக்கென்றே பிறந்த பெட்டி அது. பாடுகிறவர் குரலை அதில் கொடுத்தால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல இருக்கும். காதைக் குத்துகிற கீச்சொலியை அது வெளியே விடாது. நடுவில் இருப்பதை மட்டும் எடுத்துக் கொழுகொழுவென்று கொடுக்கும். அதைப் பின்னால் வைத்துக்கொண்டு முன்னால் நின்று ஒரு கம்பியை இழுத்தால் முழங்காலில் காற்று வந்து மோதும், துப்பட்டா ஆடும். அந்தக் காற்றுக்காகவே நான் கச்சேரிக்குப் போனேன் என்று சொன்னாலும் தப்பில்லை.

இன்னொரு வகைப் பெட்டி உண்டு. பிளாஸ்டிக் உடம்பு, ஆம்ப் உள்ளேயே இருக்கும், கரண்ட் கொடுத்தால் போதும். கீழே பெரிய ஸ்பீக்கர், மேலே கீச்சொலிக்கென்று ஒரு குழல். எதைக் கொடுத்தாலும் அதை அப்படியே திருப்பிச் சொல்லும். நாதஸ்வரம், கட்சிக் கூட்டத்துப் பேச்சு, மொய் எழுதுகிற இடம் மாறிவிட்டது என்கிற அறிவிப்பு, எல்லாவற்றுக்கும் அதே பெட்டிதான். பவர் பாக்ஸ் என்பார்கள். கிட்டார்காரர்கள் பல பேர் அதற்கு மாறிவிட்டார்கள். காலால் மிதிக்கிற பெடலில் ஆம்ப் சத்தம், பெட்டிச் சத்தம் எல்லாவற்றையும் போலியாக உண்டாக்கி, அந்த ஒயரை இதில் சொருகிவிடுவார்கள். எனக்கு அந்தப் பிளாஸ்டிக்கைக் கண்டாலே ஆகாது. காணாமல் போன குழந்தையை மேடைக்கு அருகே வந்து அழைத்துச்செல்லவும் என்று சொல்கிற வாய் என் கிட்டாரைச் சொல்லக் கூடாது என்று வீம்பாக இருந்தேன்.

எங்கள் குழுவை நடத்துகிற அண்ணன்தான் ஆண் குரலில் பாடுகிறவர். பெண் குரல் அவருடைய மனைவி, எங்களுக்கு அக்கா. அண்ணனிடம் ஒரு பழக்கம் உண்டு. முதல் பாட்டைப் பாடி முடித்ததும் மைக்கை அக்கா கையில் கொடுத்துவிட்டுப் பந்தி நடக்கிற கூடத்துக்குப் போய்விடுவார். சாம்பார் ருசி பார்க்கப் போகிறார் என்று நாங்கள் கிண்டல் செய்வோம், அதுவும் கொஞ்சம் உண்டு. ஆனால் அவர் போவது சத்தம் கேட்க. விழா எடுக்கிறவர் மேடைக்கு முன்னால் உட்காரவே மாட்டார் என்பது அண்ணன் கண்டுபிடித்த உண்மை. அவர் பந்தியில் நின்றுகொண்டு யார் சாப்பிட்டார்கள், யார் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பார். அங்கே சுவரில் மாட்டியிருக்கும் ஸ்பீக்கரில் அவர் காதுக்கு என்ன வருகிறதோ அதுதான் கச்சேரி. மேடையில் நாம் கேட்பது நம் மனத் திருப்திக்கு.

அண்ணன் திரும்பி வந்து கணக்காகச் சொல்வார். டிரம்ஸ் இருக்குது, கீபோர்டு இருக்குது, அக்கா குரல் இருக்குது. என் பக்கம் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மேடையில் மைக்குக்குள் போவது மட்டும்தான் பந்திக்குப் போகும். என் பெட்டி நேரடியாகக் கத்துகிறது, அதற்கு மைக் இல்லை. நேர் முன்னால் மூன்று வரிசைக்குக் காது கிழியும், பக்கவாட்டில் கொஞ்சம் தள்ளினால் மந்தமாகிவிடும், பந்தியில் சுத்தமாக இல்லை. மைக் செட் போடுகிறவரிடம் ஒரு மைக் கேட்டால், அதுவே இந்தக் கத்து கத்துது, அதுக்கு எதுக்கு மைக்கு என்பார். ஒருமுறை பெரிய மனசு பண்ணிக் கொடுத்தார். அந்த மைக்கில் என் கிட்டாரைவிடப் பக்கத்து டிரம்ஸ்தான் நன்றாகக் கேட்டது.

சித்திரையில் ஒரு ஒத்திகை. கீபோர்டு வாசிக்கிற தம்பி விளையாட்டாக என் பிட் ஒன்றைக் கீபோர்டிலேயே கிட்டார் சத்தத்தில் வாசித்துக் காட்டினான். அண்ணன் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். என் பெட்டிக்கு வேனில் ஒரு ஆள் உட்காரும் இடம் போகிறது என்பது அவருக்கு நெடுநாள் எரிச்சல்.

"கீபோர்டுலயே கிட்டார் வருதேம்மா" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. கீபோர்டில் பொம்பளைக் குரல்கூட வரும், அக்காவையும் வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டேன். அக்கா சிரித்தார், அண்ணன் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கோபம் இல்லாமல் தீர்ப்பைச் சொன்னார். ஆடியில் முகூர்த்தம் கிடையாது. ஆவணி முதல் கல்யாணத்துக்குள் என் சத்தம் பந்தியில் கேட்க வேண்டும். கேட்டால் நான் இருக்கலாம். கேட்கவில்லை என்றால் அந்தப் பிட்டுகளைத் தம்பி வாசித்துக்கொள்வான். நான் என் பெட்டியை விட மாட்டேன் என்று அன்றைக்கே சொல்லிவிட்டு வந்தேன். வைகாசியில் திருவண்ணாமலை ரோட்டு மண்டபம் ஒன்றில் நடந்தது மட்டும் நடக்காமல் இருந்திருந்தால் கடைசிவரை விட்டிருக்கவும் மாட்டேன்.

அதைச் சொல்வதற்கு முன் என் அம்மாவைச் சொல்ல வேண்டும். அம்மா தொண்டூரில் இருக்கிறாள். நான் பள்ளிக்கூடம் போகும்போது நடவுக்கும் களைக்கும் போய்க்கொண்டிருந்தவள், பத்து வருஷமாகச் சமையல் கான்ட்ராக்ட் குழுவில் சேர்ந்து பந்தி வேலை செய்கிறாள். இலை போடுவது, பரிமாறுவது, எடுப்பது. செஞ்சியைச் சுற்றி நடக்கிற கல்யாணங்களில் பாதிக்கு அவர்கள் குழுதான். அதனால் மாதத்தில் இரண்டு மூன்று தடவையாவது நானும் அம்மாவும் ஒரே மண்டபத்தில் இருப்போம். நான் மேடையில், அவள் பந்தியில். நான் வாசிக்கிற நேரமும் அவள் பரிமாறுகிற நேரமும் ஒன்றுதான் என்பதால் அவள் என்னை மேடையில் நேராகப் பார்த்ததே கிடையாது.

கேட்டதும் கிடையாது. தொண்டூர் வீட்டுக்குப் போய்ப் பழகும்போது மின்சாரக் கிட்டாரை ஒன்றிலும் சொருகாமல் வாசிப்பேன். அது டிக்கு டிக்கென்று நகம் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம் போடும். கொசுகூட இதைவிடச் சத்தமாகக் கத்துகிறதே என்று அம்மா கேட்டாள். மேடையில் போட்டால் இது வேறு மாதிரி ஆகிவிடும், அடையாளமே தெரியாது என்று நான்தான் பெருமையாகச் சொல்லி வைத்தேன். நான் செய்த தப்பு அதுதான். அவள் நம்பிவிட்டாள்.

அந்த வைகாசிக் கல்யாணத்தில் அக்கா ஒரு மெதுவான பாட்டை எடுத்தார். அதில் கிட்டார் கிடையாது. கிட்டாரை ஸ்டாண்டில் சாய்த்துவிட்டு வெந்நீர் கேட்கச் சமையல் கூடத்துக்குப் போனேன். பந்திக்கும் சமையல் கூடத்துக்கும் நடுவில் இருக்கிற வாசலில் அம்மாவும் கூட வேலை செய்கிற பெண்கள் மூன்று பேரும் அடுத்த பந்திக்காக வாளிகளோடு நின்றுகொண்டிருந்தார்கள். முதுகு என் பக்கம். சுவர் ஸ்பீக்கரில் பாட்டின் நடுவே புல்லாங்குழல் வந்தது, தம்பி கீபோர்டில் வாசிக்கிற குழல்.

"இதோ வருது பாரு, இதான் எம் பொண்ணு" என்றாள் அம்மா.

மற்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். குழல் முடிகிறவரைக்கும் யாரும் அசையவில்லை. முடிந்ததும் அம்மா கரண்டியை வாளியில் போட்டுவிட்டு, சுவரில் இருந்த ஸ்பீக்கரைப் பார்த்து இரண்டு கையாலும் வழித்து, நெற்றிப் பொட்டில் வைத்து நெட்டி முறித்தாள். என் பொண்ணு ஊதுகிற ஊதலில் சாம்பார் வாளிகூடக் கனக்கவில்லை என்று சொன்னாள்.

நான் வெந்நீர் கேட்கவில்லை. வந்த சத்தம் தெரியாமல் திரும்பிவிட்டேன். பெண் வீட்டார் அறைப் பக்கம் ஒரு மூலையில் நின்று யோசித்தால் எல்லாம் புரிந்தது. கடைசி வரிசையிலிருந்து யாராவது எடுத்து, நான் வாட்ஸப்பில் அனுப்பிய வீடியோக்களிலும் என் கை ஆடும், கேட்பது கீபோர்டு. எங்கள் குழுவில் எனக்கு என்று தனியாக ஒரு சத்தம் அந்தப் பந்திக்கு வந்ததே இல்லை. வருகிற சத்தங்களில் எது அழகாக இருந்ததோ அதை எடுத்து என் அம்மா எனக்குக் கொடுத்துவிட்டாள். நாலு வருஷமாக அவள் பெருமைப்பட்டது என்னைப் பார்த்து இல்லை. முதலில் அந்தத் தம்பிமேல் கோபம் வந்தது, அவன் ஒரு பாவமும் செய்யவில்லை. அப்புறம் மைக் செட்காரர்மேல். மேடைக்குத் திரும்பி வந்து என் மரப்பெட்டியைப் பார்த்தபோதுதான் கோபம் சரியான இடத்துக்கு வந்து சேர்ந்தது. முழங்காலுக்குக் காற்று வீசியது போதும் என்று தோன்றிவிட்டது.

அம்மாவிடம் அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. அது நீ நினைக்கிற ஆள் இல்லை என்று சொல்லிவிட்டால், பதிலுக்கு அவளுக்குக் கொடுக்க என்னிடம் ஒரு சத்தம் இருக்க வேண்டாமா?

ஒரு பெடல் வாங்கினேன். பவர் பாக்ஸை மைக் செட்காரரிடமே இரவல் கேட்டேன். அவருக்கு ஒரே குஷி. ஒரே ஒயர்தானே, குடு குடு என்றார். ஆடி மாதம் தளவானூர்ப் பக்கம் ஒரு மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிற விழா. பகல் பதினொரு மணிக்குப் பக்திப் பாட்டுக் கச்சேரி. கல்யாணம் இல்லை என்பதால் முயன்று பார்க்க இதுதான் சமயம் என்று புதுக் கருவியோடு போனேன்.

அந்தப் பெடலில் பெட்டிச் சத்தத்தைப் போலியாக உண்டாக்குகிற பகுதி ஒன்று உண்டு. நான் அதை அணைத்து வைத்திருந்தேன். திமிர்தான், வேறென்ன. எவனோ எங்கேயோ செய்த பொய்ப் பெட்டி என் கிட்டாருக்கு எதற்கு, நேராகவே போகட்டும் என்று நினைத்தேன். முதல் பாட்டில் என் பிட் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு கம்பியை இழுத்தேன்.

கோயிலுக்குப் பின்னால் பாறை இருக்கிறது. எங்கள் பக்கத்துப் பாறை எல்லாவற்றிலும் இருப்பதுபோல அதிலும் மலைத்தேனீ கூடு கட்டும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது கலைந்து யாரையாவது கொட்டும். மரப்பெட்டி வெட்டி எறிந்துகொண்டிருந்த கீச்சொலி முழுவதும் அன்றைக்கு வெட்டுவார் இல்லாமல் மைக் செட்காரர் கட்டியிருந்த நாலு பவர் பாக்ஸிலும் கொட்டியது. ஞொய்யென்று அது எழுந்ததும் கூழுக்கு நின்ற வரிசை அண்ணாந்து பாறையைப் பார்த்தது. அடுத்த நொடி சொம்பையும் தூக்கையும் தலையில் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. ஓடத் தெரிந்தவர்கள் ஓடிவிட்டார்கள். ஒரு பெரியவர் புகை போட வைக்கோல் தேடிக்கொண்டிருந்தார். நான் கண்ணைத் திறந்தபோது எனக்கு முன்னால் வேப்பிலையும் காலிச் செருப்புகளும்தான் இருந்தன.

"பந்தியில கேக்கலன்னு சொன்னதுக்குப் பந்தியையே கலைச்சிட்டியேம்மா" என்றார் அண்ணன். அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அக்கா மைக்கில் மன்னிப்புக் கேட்டு, தேனீ இல்லை, கிட்டார்தான், பயப்படாமல் கூழ் வாங்க வாருங்கள் என்று மூன்று தடவை சொன்ன பிறகுதான் வரிசை திரும்ப நின்றது.

அவமானத்தில் இரண்டு நாள் கிட்டாரைத் தொடவில்லை. மூன்றாம் நாள் புத்தி வேலை செய்தது. பிளாஸ்டிக் பெட்டியின்மேல் தப்பே இல்லை, நான் கொடுத்ததைத்தான் அது கொடுத்தது. என் கிட்டாரும் ஆம்பும் இத்தனை வருஷமும் தேனீச் சத்தம்தான் போட்டிருக்கின்றன. அதை வடிகட்டி கிட்டாராக ஆக்கிக்கொண்டிருந்தது என் மரப்பெட்டி. எல்லாவற்றையும் சொல்கிற வாயில் பேச வேண்டுமென்றால், வடிகட்டுகிற வேலையை முன்னாலேயே செய்துவிட வேண்டும். பெடலில் கம்பெனிக்காரர்கள் போட்டுக் கொடுத்த போலிப் பெட்டிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தன. ஒன்றுகூட என்னுடையது இல்லை. என் பெட்டிக்கு நடுவில் கொஞ்சம் தொண்டை கட்டினாற்போல ஒரு குரல் உண்டு, அது வேறெதிலும் வரவில்லை.

அப்படியானால் என் பெட்டியையே உள்ளே ஏற்றிவிடுவது என்று முடிவு செய்தேன். அதற்கு வழி இருக்கிறது. பெட்டிக்கு முன்னால் ஒரு மைக் வைத்து, அடிக் குரலிலிருந்து கீச்சுக் குரல்வரை நீளமாக ஒரு ஊளையைப் பெட்டி வழியாக அனுப்பிப் பதிவு செய்ய வேண்டும். போனதற்கும் வந்ததற்கும் என்ன வித்தியாசம் என்று கம்ப்யூட்டர் பார்த்து, இந்தப் பெட்டி எதைக் கூட்டுகிறது, எதை வெட்டுகிறது என்பதை ஒரு பைலாக எழுதிவிடும். அந்த பைலைப் பெடலில் போட்டுக்கொண்டால் மரப்பெட்டி வீட்டில் இருக்கும், அதன் குரல் நம்மோடு வரும். கேட்பதற்குச் சுலபம். மைக்கை ஒரு விரற்கடை நகர்த்தினால் குரலே மாறிவிடும்.

ஆடி முழுவதும் பிற்பகல்களில் இதே வேலை. செஞ்சியில் நான் குடியிருப்பது மாடி அறை. மதியத்துக்கு மேல் மலையிலிருந்து இறங்கி வருகிற குரங்குகள் எங்கள் தெரு மொட்டை மாடிகளில்தான் பொழுதைக் கழிக்கும். நான் ஊளையை அனுப்பியதும் கைப்பிடிச் சுவரில் இருந்த கூட்டம் மொத்தமும் பக்கத்து வீட்டுக்குத் தாவிவிட்டது. ஒன்றே ஒன்று மட்டும் போகாமல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை கேட்டது. கீழ்வீட்டு அம்மா என்ன மாவு மெஷின் வாங்கியிருக்கிறாயா என்று விசாரித்துவிட்டுப் போனார். நான் மைக்கை நகர்த்தினேன், கேட்டேன், மறுபடி நகர்த்தினேன். நடுவில் வைத்தால் ஊசியாய்க் குத்தியது, ஓரத்தில் வைத்தால் மண்டையைப் போர்த்திக்கொண்டது. எந்த வேலையில் நான் கெட்டிக்காரியோ அந்த வேலைதான் இதுவும் என்று ஒரு நாள் தெரிந்தது. தோலுக்கு மேலே ஒன்றும் தெரியாத கையில் நரம்பு எங்கே ஓடுகிறது என்று விரலால் தடவித் தடவிப் பார்ப்பேனே, அந்தப் பொறுமைதான் வேண்டியிருந்தது. ஸ்பீக்கரின் நடு மூடியிலிருந்து இரண்டு விரல் தள்ளி, கொஞ்சம் சாய்த்து வைத்தபோது கிடைத்தது. பைலைப் பெடலில் ஏற்றி, பவர் பாக்ஸில் ஒரு கம்பியை இழுத்தேன். என் பெட்டி அந்தப் பிளாஸ்டிக்குக்குள் உட்கார்ந்துகொண்டு பேசியது. நான் அறையில் தனியாக நின்று, நீ பலே ஆளுடி என்று எனக்கு நானே உரக்கச் சொல்லிக்கொண்டேன். இன்றைக்கு விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் கிட்டார் பையன்கள் அந்த பைலைக் கேட்டு போன் செய்கிறார்கள். கொடுக்கிறேன். எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டால், எடுத்தது நான்தான் என்று சொல்லிவிட்டுத்தான் கொடுக்கிறேன்.

ஆவணி முதல் முகூர்த்தம் திண்டிவனம் ரோட்டு மண்டபத்தில். மரப்பெட்டியை வீட்டில் விட்டுவிட்டு, ஒரு தோள்பையும் ஒரு பவர் பாக்ஸுமாக வேனில் ஏறினேன். மேடையில் நின்றபோது முதுகுக்குப் பின்னால் காலியாக இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது. என் காதுக்காகப் பவர் பாக்ஸைக் காலடியில் சாய்த்து வைத்தேன். பெடலிலிருந்து ஒரு ஒயர் மைக் செட்காரருக்கு. முதல் பாட்டு முடிந்ததும் அண்ணன் வழக்கம்போல மைக்கை அக்காவிடம் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார். இரண்டாவது பாட்டில் என் பிட் வந்தது. கண்ணைத் திறந்துகொண்டே வாசித்தேன், கூழ் வரிசை அப்படிப் பழக்கிவிட்டது. மூன்றாவது பாட்டுக்கு அண்ணன் மேடை ஏறினார். வாயில் எதையோ மென்றுகொண்டே என் பக்கம் சாய்ந்தார்.

"இருக்குதும்மா" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். அந்த மனிதரிடமிருந்து நான் அதற்குமேல் எதிர்பார்க்கவும் இல்லை. குழுவில் என் இடத்துக்கு இனி ஆபத்து இல்லை என்று தெரிந்துவிட்டது. ஆனால் நான் காத்திருந்தது அதற்கு இல்லை.

கடைசிப் பந்தி முடிந்து வேலை செய்தவர்கள் சாப்பிட உட்கார்ந்தபோது நானும் ஒரு இலையோடு போய் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் எனக்கு வடை எடுத்து வைத்தாள். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"புதுசா ஆள் சேத்திருக்கீங்களா?"

யாரைக் கேட்கிறாய் என்றேன்.

"கம்பியை இழுத்து இழுத்து வுடற மாதிரி ஒண்ணு வந்துச்சே. நெஞ்சுல வந்து வுழுது. உன் அளவுக்கு இல்ல. ஆனா நல்லாத்தான் இருக்குது."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. என்னையே எனக்குப் போட்டியாக நிறுத்தி, அதிலும் என்னை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறாள். அதற்குமேல் மறைக்க முடியவில்லை.

"நான்தாம்மா அது."

அம்மா என்னைப் பார்த்தாள். அப்படியானால் குழல் மாதிரி வருமே, அது யார் என்று கேட்டாள். கீபோர்டு தம்பி என்றேன். ஆரம்பத்திலிருந்தேவா என்றாள். ஆரம்பத்திலிருந்தே என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் மூன்று பேரும் இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. எத்தனை மண்டபத்தில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். எனக்கே வைகாசியில்தான் தெரியும், அதைச் சொல்ல மனசு வரவில்லை என்று மெதுவாகச் சொன்னேன். அம்மா சோற்றைப் பிசைந்த கையை அப்படியே வைத்திருந்தாள். உடைந்துபோய்விட்டாளோ என்று பயந்தேன்.

"அப்ப நாலு வருசமா அந்தப் புள்ளைக்கா நெட்டி முறிச்சிக்கினு இருந்தேன்?" என்றாள்.

பெண்கள் மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். அம்மா சிரிக்கவில்லை. மிச்சச் சோற்றைச் சாப்பிட்டு முடித்து, இலையை மடித்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். போகும்போது, பாவம் அந்தப் புள்ளையும் நல்லாயிருக்கட்டும் என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த முகூர்த்தத்துக்கும் அவர்கள் குழுதான் சமையல். அண்ணன் பந்திக்குப் போனவர் போன வேகத்தில் திரும்பி வந்தார். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே என் காதருகே வந்து பேசினார்.

"உங்க அம்மா ரசம் வாளியோட நட்ட நடுப் பந்தியில நிக்கிறாங்கம்மா. ரசம் கேட்டா, இருங்க, எம் பொண்ணு வாசிக்குது, முடிஞ்சதும் ஊத்தறேன்றாங்க. மாப்பிள்ள வூட்டுக்காரங்க சோத்துல கையை வெச்சிக்கினு உக்காந்திருக்காங்க."

நான் சொல்லிவிடுகிறேன் என்று அண்ணனிடம் தலையை ஆட்டினேன். அக்கா அடுத்த பாட்டை எடுத்தார். நடுவில் என் பிட் வந்தது. ஒரு தடவை வாசிக்க வேண்டியதை இரண்டு தடவை வாசித்தேன். கீபோர்டு தம்பி திரும்பிப் பார்த்தான், அக்கா திரும்பிப் பார்த்தார். ரசம் ஆறினால் ஆறட்டும்.